தாயைப் பிரிந்த பன்றிக்குட்டிக்கு ஏன் கழிச்சல் வருது?

சூலூர், அன்னூர் பக்கம் வெண்பன்றி வளர்க்கிறீங்களா? தாயிடமிருந்து பிரித்த மூணு, நாலு நாளிலேயே குட்டிகள் தண்ணி மாதிரி கழிகிறதா? உடனே செல்போனில் ‘குடல் நலப் பவுடர்’ தேடாதீங்க. முதலில் குட்டியின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பால் குடிக்கும் குட்டியின் வயிற்றில், பால் சர்க்கரையை லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் பெருகாது. நோய்த் தடுப்புப் புரதமும் பாலோடு சேர்ந்தே போகும். பால் நின்ற அன்றே இந்த இரண்டும் நின்றுவிடும். வயிற்றில் சொந்த அமிலமோ போதுமான அளவு சுரந்திருக்காது. போதாததற்குப் புது இடம், சண்டை, ஒரு நாள் பட்டினி. பட்டினியில் சிறுகுடலின் உறிஞ்சும் இழைகள் சுருங்கும். மறுநாள் பசியில் அள்ளித் தின்னும்போது, செரிக்காத புரதம் கீழே இறங்கும். ஈ.கோலை கிருமிக்கு அதுதான் விருந்து!

அதனால் மருந்தைவிட முன்தயாரிப்புதான் முக்கியம். பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்தே குட்டித் தீவனத்தைக் கொஞ்சமாக வைத்துப் பழக்குங்க. பிரிக்கும்போது தாயை மாற்றுங்க, குட்டிகள் அதே கொட்டகையில் இருக்கட்டும். ஒரு வாரத்துக்காவது தீவனத்தை மாற்றாமல், நாளைக்கு நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்க. கோவையில் ஹோட்டல் கழிவு சுலபமாகக் கிடைக்கும்தான். ஆனால் அந்த எண்ணெயும் உப்பும் இந்தக் குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, துணைத்தீவனம்? சிட்ரிக் அமிலம் போன்றவை வயிற்றுப் புளிப்புக்குக் கைகொடுக்கும். ஈஸ்ட், லாக்டோபேசில்லஸ் கலவைகளும் உதவலாம். ஆனால் எல்லாப் பண்ணையிலும் ஒரே பலன் கிடைப்பதில்லை. கொதிக்கும் கஞ்சியில் கலந்தால் அந்த நுண்ணுயிரி செத்துவிடும். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் காசுக்குக் கேடுதான்.

துத்தநாக ஆக்சைடை அதிக அளவில் கலந்தால் கழிச்சல் குறையும் என்பது உண்மைதான். ஆனால் சாணம் வழியாக அது மண்ணில் சேர்கிறது, மருந்துக்கு அடங்காத கிருமிகளும் வளர்கின்றன என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் அதை நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கு கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை விற்க 2019 ஜூலையிலேயே மத்திய அரசு தடை விதித்தது. மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுக்கும் மருந்து அது. ‘பக்கத்துப் பண்ணையில் போட்டாங்க’ என்று நீங்களாக எதையும் கலக்காதீங்க.

கழிச்சல் தொடங்கிவிட்டால் உப்பு-சர்க்கரைக் கரைசலும் சுத்தமான தண்ணீரும் வையுங்க, கொட்டகையை ஈரமில்லாமல் வையுங்க. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, அல்லது கட்டணமில்லா 1962 எண்ணுக்கு அழையுங்க. குட்டியின் வயது, பிரித்த நாள், கொடுத்த தீவனம், சாணத்தின் நிறம், ரத்தம் கலந்திருக்கிறதா என்ற விவரங்களைத் தயாராக வைத்திருங்க. காய்ச்சலோடு பெரிய பன்றிகளும் சாகிறதென்றால் அது சாதாரணக் கழிச்சல் இல்லை. எந்தப் பன்றியையும் வெளியே விற்காமல் உடனே தகவல் சொல்லுங்க. தீவனக் கலவை பற்றிய சந்தேகங்களுக்கு, சரவணம்பட்டியில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நேரில் போய்க் கேட்கலாம்.