மோட்டார் வண்டியின் ஒலிபெருக்கியும் அதன் கதவும்

மோட்டார் வண்டியை ஆக்குவோர் எஞ்சினுக்கும் சில்லுக்கும் அளிக்கும் கவனத்தை, அதன் கதவினுள் மறைந்திருக்கும் ஒலிபெருக்கிக்குப் பெரும்பாலும் அளிப்பதில்லை. சாதாரண விலை வண்டிகளில் அவ்வுறுப்பு ஒரு கடதாசிக் கூம்பும், ஒரு சிறு காந்தமும், அவற்றைத் தாங்கும் பிளாத்திக்குச் சட்டமுமாகவே அமைகின்றது. மிருதங்கக் கச்சேரியொன்றைச் சற்று உரக்கக் கேட்க முயல்வோனுக்கு வலந்தலையின் ஒலி மாத்திரம் எட்டுகின்றது; தொப்பியின் கும்காரம் எங்கோ மறைந்துவிடுகின்றது. உடனே அவன் கடைக்குச் சென்று விலையுயர்ந்த ஒலிபெருக்கிகளை வாங்கிப் பொருத்துகின்றான். பொருத்திய பின்னரும் தொப்பி கேளாதிருத்தல் உண்டு. கைப்பணம் கரைந்த பின் வரும் இவ்வேமாற்றத்திற்குக் காரணம் யாது?

1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ற்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த றைஸ், கெலொக் என்னும் இருவர் இயங்குசுருள் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். காந்தப் புலத்திலே தொங்கும் ஒரு கம்பிச் சுருளில் மின்னோட்டம் மாறி மாறிப் பாயும்போது, சுருள் முன்னும் பின்னும் அசைகின்றது. அதனோடு ஒட்டிய கூம்பு காற்றைத் தள்ளி இழுக்கின்றது. இன்று வண்டிக் கதவில் உள்ளதும் அதே தத்துவத்தில் இயங்குவதே. ஆயின் அவ்விருவரும் கூம்பைத் தனியே விடாது பலகையிற் பதித்தே பயன்படுத்தினர் என்பதனைப் பலர் நினைவிற் கொள்வதில்லை.

அப்பலகை எதற்கு? கூம்பு முன்னோக்கிச் செல்லும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகின்றது. அதே கணத்தில் பின்புறக் காற்று ஐதாகின்றது. எனவே பின்னிருந்து எழும் அலை முன்னலைக்கு நேர் எதிரானது. செக்கனுக்கு 100 அதிர்வுடைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீற்றர். கூம்பின் விளிம்பைச் சுற்றி வரும் தூரமோ சில சதமமீற்றர் மாத்திரமே. ஆதலின் பின்னலை முன்னலையை அடையும்போதும் ஏறக்குறைய எதிராகவே நின்று அதனை அழித்துவிடுகின்றது. உயர்ந்த ஒலிகளின் அலைநீளம் சிறிதாகையால் அவை இவ்வழிவுக்கு அவ்வளவாக உட்படுவதில்லை. வலந்தலை கேட்பதும் தொப்பி கேளாமையும் இதனாலேயே. மேசைமீது வெறுமனே கிடக்கும் ஒலிபெருக்கி எவ்வளவு உயர்ந்ததாயினும் தகரக் குரலிற் பாடுவதை ஆய்வுகூடத்தில் எவரும் கண்டறியலாம்.

வண்டியிற் பலகையின் வேலையைச் செய்யவேண்டியது கதவே. அக்கதவின் உட்டகட்டிலோ கண்ணாடிப் பொறியைப் பழுதுபார்க்கக் கையை நுழைத்தற்கெனப் பெருந்துளைகள் விடப்பட்டிருக்கும். அவற்றை மூடுவது பெரும்பாலும் மெல்லிய பிளாத்திக்குத் தாளே. பின்னலை அவ்வழியாகத் தடையின்றி வெளியேறுகின்றது. துளைகளை உறுதியான தகட்டினாலும் பசையுள்ள பியூற்றைல் படலத்தினாலும் அடைத்து, தகடு அதிராவண்ணம் அதன்மீதும் அப்படலத்தை ஒட்டி, ஒலிபெருக்கிக்கும் தகட்டுக்கும் இடையே இறுக்கமான வளையமொன்றை வைத்தால், பழைய ஒலிபெருக்கியே புதியது போல ஒலிப்பதுண்டு. செலவிற் குறைந்த இவ்வேலையை முதலிற் செய்து பார்ப்பதே அறிவுடைமை. மழைநீர் கண்ணாடி வழியே கதவினுள் இறங்குவது இயல்பு. ஆகையால் கதவின் அடியிலுள்ள வடிதுளைகளை ஒருபோதும் அடைத்தலாகாது. மரவளையமும் நீர்காப்புப் பூச்சின்றி நெடுநாள் நில்லாது. காந்தத்தின் ஆழத்தை அளவாது வாங்கியவர் கண்ணாடியைக் கீழே இறக்கும்போதுதான் தம் தவற்றை அறிவர். அன்றியும் தற்கால வண்டிகள் சிலவற்றில், பக்கமோதலை அறிந்து காற்றுப்பையை விரிக்கும் அமுக்க உணரி கதவினுள்ளேயே இருக்கின்றது. கதவினுட் காற்றமுக்கம் திடீரெனக் கூடுவதைக் கொண்டே அது மோதலை உணர்கின்றது. அவ்வண்டிகளில் ஒலிபெருக்கி இருந்த இடத்தைத் திறந்தோ தளர்வாகவோ விடுதல் இசையை அன்று, உயிரைப் பற்றிய விடயம்.

இனி வாற்றுக் கணக்கை நோக்குவோம். வானொலிப் பெட்டியின் முகத்தில் 50 வாற்று என்று அச்சிடப்பட்டிருத்தலைக் கண்டு மயங்குவோர் பலர். எஞ்சின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ற்று. அதனை உச்சமாகக் கொண்ட சைன் அலையின் பயன்படு அளவு 10.2 வோல்ற்று, 4 ஓம் ஒலிபெருக்கியில் அது தருவது 26 வாற்று. இழப்புக்களையும் கழித்தால் எஞ்சுவது 20 வாற்றளவே. 14.4ஐ வர்க்கித்து 4ஆற் பிரித்தால் மாத்திரமே 52 வரும். அது முற்றிலும் சிதைந்து சதுரமாகிய அலையின் வலுவாகும், எவரும் கேட்க விரும்பும் இசையன்று. ஆகவே, தனி விரியலாக்கி வைக்காதவர் ஒலிபெருக்கியில் நோக்கவேண்டியது அது தாங்கும் வாற்றை அன்று, அதன் உணர்திறனையே. ஒரு வாற்றுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 90 தெசிபெல் தருவது, 87 தெசிபெல் தருவதிலும் பாதி வலுவிலேயே அதே உரப்பைத் தரும். 300 வாற்றுத் தாங்கும் பாரக்கூம்பு, தொழிற்சாலை இட்ட கடதாசிக் கூம்பிலும் மெதுவாக ஒலிப்பது வியப்பன்று.

தடங்கலும் பொருந்தவேண்டும். வண்டி ஒலிபெருக்கிகளுக்கு 4 ஓம் பெருவழக்காயினும், தனி விரியலாக்கியோடு வெளிவரும் சில வண்டிகளில் 2 ஓமும் அதனிற் குறைந்தனவும் உள. அவற்றின் இடத்தில் 4 ஓம் வைத்தால் வலு பாதியாகும். மாறாக 4 ஓமுக்கென ஆக்கப்பட்ட விரியலாக்கியில் 2 ஓம் இணைத்தால் மின்னோட்டம் இரட்டித்து அது வெந்துபோகவுங் கூடும். மேலும், சில நிறுவனங்கள் தம் மலிவான கூம்பின் குறையை மறைக்கச் சைகையையே முன்கூட்டித் திருத்திவிடுகின்றன. குறையற்ற புதுக்கூம்பு அத்திருத்தத்தையே குறையாக ஒலிக்கும்.

இலங்கையில் ஓடும் வண்டிகளிற் பல யப்பானிற் பாவிக்கப்பட்டு இறக்குமதியானவை. அந்நாட்டுப் பண்பலை வரிசை 76 மெகாஹேர்ட்சிலும் நமது 87.5இலும் தொடங்குதலால் வானொலியை மாற்றவேண்டிய தேவை பலருக்கு நேர்கின்றது. வானொலியோடு ஒலிபெருக்கியும் மாறவேண்டும் என்னும் நியதி இல்லை.

உயர்ந்த ஒலிகள் ஒளிக்கதிர் போல நேராகச் செல்லும் தன்மையன. முழங்காலருகே ஒலிக்கும் வயலின் மங்குவது அதனாலேயே. சிறு கூம்பைத் தனியே பிரித்துக் கண்ணாடிச் சட்டத்தருகே உயர்த்தி வைத்தல் நன்று. 4 ஓம் சிறு கூம்பிற்குத் தொடராக 10 மைக்கிரோபரட் கொள்ளளவி ஒன்றை இணைத்தால், செக்கனுக்கு 4,000 அதிர்விற்குக் கீழ்ப்பட்ட ஒலிகள் படிப்படியாகத் தடுக்கப்படும்.

கம்பிகளை இணைக்குமுன் 1.5 வோல்ற்றுக் கலமொன்றின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும் மறைமுனையை மறைமுனையிலும் கணநேரம் தொடுதல் வேண்டும். கூம்பு வெளியே தள்ளினால் குறி சரி. ஒரு கதவில் மட்டும் கம்பி மாறினாலும், ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கும். அடைத்த கதவும் உயர்ந்த விலையும் இருந்தும் தொப்பி மறுபடியும் கேளாது போய்விடும்.