நிலைமாற்று மின்வழங்கியின் மின்மாற்றி இரைச்சல்

நிலைமாற்று மின்வழங்கியின் மின்மாற்றி இரைச்சல் என்பது கணினி, தொலைக்காட்சி, மின்னேற்றி போன்றவற்றின் மின்வழங்கியில் உள்ள சிறு மின்மாற்றியிலிருந்து எழும் கீச்சொலி அல்லது ரீங்காரம் ஆகும். இவ்வகை மின்வழங்கி எஸ்.எம்.பி.எஸ். என்ற சுருக்கப் பெயராலேயே பரவலாக அறியப்படுகிறது.

கிருட்டிணகிரி மாவட்டத்திற்கு இது அயலான பொருளன்று. மின்வழங்கிகளுக்குப் பெயர்பெற்ற தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆலை குருபரப்பள்ளியில் உள்ளது. ஓசூரில் ஏத்தர், போச்சம்பள்ளியில் ஓலா ஆகியவற்றின் மின்சார ஈருருளி ஆலைகள் 2021இல் இயங்கத் தொடங்கின. ஈருருளியின் மின்னேற்றியும் நிலைமாற்று மின்வழங்கியே. இரவெல்லாம் வீட்டினுள் இயங்கும் கருவியில் மெல்லிய ஒலியும் உறக்கத்தைக் கெடுக்கும்.

ஒலி எழும் விதம்

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை உணரும். தெருவோர மின்மாற்றி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயங்குகிறது. அதன் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை நுண்ணிய அளவில் உருமாறுவதால் 100 ஹெர்ட்ஸ் முரலொலி எழுகிறது. நிலைமாற்று மின்வழங்கியோ பெரும்பாலும் 65 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேற்பட்ட அதிர்வெண்ணில் இயங்குவது. அது காதில் விழவே கூடாது; ஆயினும் விழுகிறது.

காரணம் மின்சிக்கனம். சுமை மிகக் குறையும்போது கட்டுப்பாட்டுச் சில்லு துடிப்புகளை இடைவிடாது அனுப்புவதில்லை. சிலவற்றைத் தொகுதியாக அனுப்பிவிட்டு ஓய்கிறது. இத்தொகுதிகள் நொடிக்கு 1000 முறை வந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலி கேட்கும். பெர்ரைட்டு உள்ளகத்தின் இரு பாதிகளும் காற்றிடைவெளியின் குறுக்கே ஒன்றையொன்று இழுத்து விடுவதே இங்கு முதன்மையான அதிர்வு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதி, வீட்டு, அலுவலகக் கருவிகளின் காத்திருப்பு மின்செலவை 2010 முதல் 1 வாட், 2013 முதல் 0.5 வாட் என வரையறுத்தது. எனவே இவ்வியக்க முறையைக் கைவிடுதல் எளிதன்று.

குறைக்கும் முறைகள்

முதலில் ஒலியின் மூலத்தை உறுதிசெய்தல் வேண்டும். பல வேளைகளில் பழி மின்மாற்றியின் மேல் விழ, பாடுவது அருகிலுள்ள பீங்கான் மின்தேக்கியாக இருக்கும். அழுத்தமின் விளைவால் அதுவும் அதிரும்; அதற்குப் பதிலாகப் படல மின்தேக்கியை இட்டால் ஒலி அடங்கும். மின்கடத்தாக் குச்சியால் ஒவ்வோர் உறுப்பையும் மெல்ல அழுத்தி ஒலி மாறுகிறதா எனப் பார்ப்பதுண்டு. 230 வோல்ட் வழங்கலில் உள்ளீட்டு மின்தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் நிற்கும்; மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் சிறிது நேரம் அது எஞ்சும். ஆகவே இது மாணவர்கள் தனியே செய்யத்தக்க சோதனை அன்று.

ஈர்ப்பு விசை காந்தப்பாய அடர்த்தியின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. சுமை குறைந்த நிலையில் துடிப்பின் உச்ச மின்னோட்டத்தைப் பாதியாக்கினால் விசை நான்கில் ஒரு பங்காகும். ஆனால் அதே ஆற்றலைத் தர அதிகத் துடிப்புகள் தேவைப்படுவதால் நிலைமாற்ற இழப்பு கூடும். சுருளின் சுற்றுகளைக் கூட்டியும் அடர்த்தியைக் குறைக்கலாம். அப்போது செம்பில் இழப்பு மிகும்.

உள்ளகப் பாதிகளைப் பசையிட்டு ஒட்டுவதும் மின்மாற்றியை வார்னிஷில் தோய்த்து உலர்த்துவதும் தொழிற்சாலைகளில் வழக்கமானவை. மிகக் கடினமான பசை, வெப்பத்தில் பெர்ரைட்டைப் போல் விரியாமையால் உள்ளகத்தில் விரிசலை உண்டாக்கலாம்.

முழுச் சுமையிலும் ஒலி கேட்டால் அது வேறு செய்தி. பின்னூட்டச் சுற்று நிலைப்பாடின்றி அலைவுறுவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அங்கு வார்னிஷ் ஒலியை மறைக்குமேயன்றிப் பழுதை நீக்காது. அலைவுகாட்டியில் வெளியீட்டு மின்னழுத்தத்தைப் பார்த்து ஈடுசெய் சுற்றைத் திருத்த வேண்டும்.