சமயக் கல்வியும் சிறுவர்தம் தெரிவும்

மருதானையில் பௌத்தரின் ஆனந்தாக் கல்லூரி, முஸ்லிம்களின் ஸாஹிராக் கல்லூரி, கத்தோலிக்கரின் புனித சூசையப்பர் கல்லூரி ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளன. எனினும், நம் நாட்டுப் பாடசாலைகளில் மாணாக்கன் தன் குடும்பத்தின் சமயம் ஒன்றையே பாடமாகக் கற்கின்றான். சைவநெறி பயில்வோன் பௌத்தம், இஸ்லாம் முதலியவற்றின் பாடநூல்களை விரித்தும் பாரான். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, பத்தாம் உறுப்புரையில், தான் விரும்பும் சமயத்தை மேற்கொள்ளும் சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் அளிக்கின்றது. ஒன்றனை மட்டுமே அறிந்தவன் எவற்றினின்று எதனைத் தெரிவான்?

பிறசமய அறிவு பிள்ளையின் பற்றைக் குலைக்கும் எனப் பெற்றோர் அஞ்சுவர். மிஷன் பாடசாலைகளின் வரலாற்றை அறிந்தோர் இவ்வச்சத்தை எளிதில் தள்ளிவிடார். ஆயின் ஆறுமுக நாவலரை நோக்குக. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவரே, 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுசமய நூலை நுணுகிக் கற்றமை அவர்தம் சைவப்பற்றைத் தளர்த்தவில்லை. அவர் வாதத்திற்கு வலிமையே தந்தது. சிறுவர் விரும்பிய சமயத்தைத் தெரிதல் வேண்டும் என்பது நாவலர் கருத்தன்று, அதனையும் மறைத்தலாகாது.

தன் சமயத்தை முதலில் செவ்வனே கற்பித்தல் வேண்டும். பின்னர், மேல்வகுப்புகளில் வாரம் ஒரு பாடவேளையேனும், பிறசமயங்களை அவற்றைக் கைக்கொண்டு ஒழுகுவோர் வாயிலாகவே மாணாக்கர் கேட்டறியச் செய்யலாம். அதற்குப் பரீட்சை வேண்டியதில்லை.