நோயுற்ற நிரலும் வெளி மருத்துவரும்

2011-ஆம் ஆண்டு மார்ச்சு 9 முதல் 13 வரை, பெங்களூர் ஆர்.வி. பொறியியற் கல்லூரியில், கே.டி.ஈ. என்னும் தன்னார்வ மென்பொருட் குழுவினரின் முதல் இந்திய மாநாடு நடைபெற்றது. 1996-இல் ஜெர்மனியில் தொடங்கிய இக்குழு பல பயன்பாட்டு நிரல்களை இலவசமாக வழங்கி வருகிறது. அவற்றுட் சில தமிழிலும் கன்னடத்திலும் பெயர்க்கப்பட்டுள்ளன. இந்நிரல்களில் ஒன்று திடீரெனச் செயலிழக்குமாயின், 'டாக்டர் காங்கி' என்னும் வேறொரு நிரல் திரையில் தோன்றும். காங்கி என்பது இக்குழுவின் சின்னமாகிய டிராகனின் பெயர்.

செயலிழந்த நிரல் தன் பிழையைத் தானே ஆராய்ந்து கூறலாகாதா என்று வாசகர் வினவக்கூடும். கூறலாம், ஆனால் அக்கூற்றை நம்புவதற்கில்லை. தனக்கு உரிமையில்லாத நினைவகப் பகுதியைத் தொட்ட நிரலை இயக்க முறைமை தடுத்து நிறுத்துகிறது. அவ்வேளையில் தன் நினைவகம் எவ்வளவு சீர்குலைந்துள்ளது என்பதை அந்நிரல் அறியாது. புதிதாகச் சிறிது நினைவகம் கேட்டாலும் அடியோடு உறைந்து போகலாம். ஆகவே அதன் இறுதிப் பணி மிகச் சிறிதாக அமைக்கப்பட்டுள்ளது. மருத்துவரின் இருப்பிடத்தை நலமாயிருக்கும்போதே குறித்துக் கொண்டு, இறுதிக் கணத்தில் அவரை அழைத்துத் தன் அடையாள எண்ணைக் கொடுத்துவிட்டு அசையாது காத்திருப்பதே அது.

டாக்டர் காங்கியும் தானே கத்தி எடுப்பதில்லை. 1986-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் இயற்றிய ஜி.டி.பி. என்னும் டிபக்கரை, அதாவது பிழையாய்வுக் கருவியை, மூன்றாவது நிரலாக இயக்குகிறது. அது நின்றுபோன நிரலுடன் பிணைந்து, எந்தச் செயற்கூறு எதனை அழைத்தது என்று வரிசைப்படுத்துகிறது. அதற்குரிய குறியீட்டுத் தகவல் கணினியில் இல்லையெனில், பெயர்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் வெறும் எண்களே கிடைக்கும். திருத்துவோர்க்கு அதனால் பயன் சிறிது.

ஓர் அபாயமும் உண்டு. ஒரு நிரலின் நினைவகத்தைப் பிறிதொன்று படிக்கலாமெனில், கடவுச்சொல்லையும் படிக்கலாமன்றோ! இதனைத் தடுக்கவே 2012-இல் லினக்சு 3.4 பதிப்பில் 'யாமா' என்னும் காவல் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. அதன் கட்டுப்பாட்டின்படி, பொதுவாகத் தாய் நிரலே தன் சேய் நிரலை ஆராயலாம். இங்கோ நோயாளியே தாய், மருத்துவர் சேய்! ஆதலின் "இன்னாருக்கு என்னை ஆராய அனுமதி உண்டு" என்று செயலிழந்த நிரலே இயக்க முறைமைக்கு அறிவிக்க வேண்டியதாயிற்று. அவ்வனுமதி மருத்துவர் தொடங்கும் ஜி.டி.பி.க்கும் செல்லும்.

அண்மைக் காலத்தில், நின்ற நிரலின் நினைவகப் படியைச் சேமித்துப் பின்னர் ஆராயும் முறையும் வழக்கில் வந்துள்ளது. அம்முறையில் நோயாளி காத்திருக்க வேண்டுவதில்லை. ஆயின் அப்படியில் கடவுச்சொல் இருந்தால், படி அழிக்கப்படும் வரை அதுவும் வட்டிலேயே தங்கியிருக்கும்.