ஆகாயத் தேருக்கு வடம் பிடிப்பவர்கள்

ஆகாய விமானம் என்றவுடன் அதன் இரைச்சல்தான் முதலில் நம் நினைவுக்கு வருகிறது. இரைச்சலே இல்லாத விமானம் ஒன்றும் உலகத்தில் உண்டு. அதற்கு யந்திரம் கிடையாது, பெட்ரோல் கிடையாது, முன்னால் சுழலும் விசிறியும் கிடையாது. நீண்டு மெலிந்த இறக்கைகள், ஒருவரோ இருவரோ உட்காரக்கூடிய ஒடுங்கிய உடல், ஒரு வால், அவ்வளவுதான். இதற்குக் கிளைடர் என்று பெயர். மேலே போய்விட்டால் பருந்தைப்போல் மணிக்கணக்காக வட்டமிடும். தரையில் இருக்கும்போதோ, தானாக ஓர் அங்குலங்கூட எழும்ப அதற்குச் சக்தி இல்லை. சிறு யந்திரம் பொருத்திய கிளைடர்களும் இக்காலத்தில் வந்துவிட்டன, அவற்றை விட்டுவிடுவோம். மற்றவற்றை யாராவது இழுத்து ஆகாயத்தில் விட்டால்தான் உண்டு.

இந்த ஒரு காரணத்தினாலேயே, கிளைடர் விடுவது தனி மனிதனுடைய வித்தையாக இல்லாமல் ஒரு கூட்டத்தின் காரியமாகிவிட்டது. ஒருவர் பறக்க வேண்டுமானால் ஆறேழு பேர் தரையில் நிற்க வேண்டும். அந்த ஆறேழு பேருக்கும் கூலி கொடுப்பதென்றால் குபேரனுக்குத்தான் பறக்கக் கட்டுப்படியாகும். ஆகையால், இன்று வடம் பிடிக்கிறவர் நாளைக்குத் தேரில் ஏறுவது, இன்று ஏறியவர் இறங்கியவுடன் வடம் பிடிக்கப் போவது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நூறு வருஷங்களாக ஐரோப்பாவில் இந்த ஏற்பாட்டின்மேல்தான் கிளைடர் சங்கங்கள் நடந்து வருகின்றன. அந்தச் சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்பதை நம் குடும்பங்களில் உள்ளவர்கள், முக்கியமாக நம் பிள்ளைகள், தெரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறோம்.

பருந்தின் ரகசியம்

கிளைடர், தன்னைச் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தமட்டில், எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. சறுக்கு மரத்தில் குழந்தை வழுக்கி வருவதுபோல, காற்றின்மேல் வழுக்கிக்கொண்டு முன்னே போகிறது. இக்காலத்துப் பயிற்சிக் கிளைடர் ஒன்று, அசைவற்ற காற்றில் 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருவதற்குள் சுமார் 30 கிலோமீட்டர் தூரம் போய்விடும்.

ஆனால் காற்று எப்போதும் அசைவற்று இருப்பதில்லை. மலைச் சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்புகிறது. வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று தூணைப்போல் எழும்புகிறது. கிளைடர் இறங்கும் வேகத்தைவிடக் காற்று ஏறும் வேகம் அதிகமாயிருந்தால் கிளைடரும் கூடவே ஏறும். உச்சி வெயிலில் பருந்து ஒன்று இறக்கையை அசைக்காமலே சுற்றிச் சுற்றி மேலே போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை அதிகமாக விளக்க வேண்டியதில்லை.

பூட்டிய கதவும் மாணவர்களும்

முதல் மகா யுத்தத்தில் தோற்ற ஜெர்மனியின் விமானத் தொழிலுக்கு, வெர்ஸேல்ஸ் உடன்படிக்கை பெரிய பூட்டாகப் போட்டது. "யந்திர விமானம் கட்டத்தானே தடை? யந்திரமில்லாத விமானம் கட்டுவோம்!" என்று கிளம்பினார்கள் வாலிபர்கள். ஆஸ்கர் உர்ஸினுஸ் என்ற பத்திரிகாசிரியர் 1920-ஆம் வருஷத்தில் அவர்களை ரோன் மலைத்தொடரில் உள்ள வாஸர்குப்பே என்ற குன்றுக்கு அழைத்தார். அதன் உயரம் 950 மீட்டர். தாங்களே மரமும் துணியும் கொண்டு கட்டிய கிளைடர்களைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அந்த முதல் போட்டியிலேயே ஒருவர் விழுந்து உயிரிழந்தார். அப்படியும் மற்றவர்கள் கலைந்து போகவில்லை.

அப்போதெல்லாம் இரண்டு நிமிஷம் காற்றில் நின்றாலே பெரிய சாதனை. 1922 ஆகஸ்டில் ஹானோவர் தொழிற்கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய 'வாம்பயர்' என்ற கிளைடர் முதலில் 1 மணி நேரத்துக்கு மேலும், சில தினங்களில் 3 மணி நேரத்துக்கு மேலும் பறந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. 1929 டிசம்பரில் லண்டனில் விமானப் பிரியர்கள் பலர் ஒரு மத்தியான்ன விருந்தில் கூடிப் பேசினார்கள். அதிலிருந்து பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் பிறந்தது. 1930-ல் இங்கிலாந்து முழுவதும் சிறு சிறு சங்கங்கள் முளைத்தன. அவற்றில் பல, முளைத்த வேகத்திலேயே வாடியும் போயின. பறக்க ஆசைப்பட்டவர்கள் நிறைய இருந்தார்கள். உடைந்ததை ஒட்ட உட்காருகிறவர்கள்தான் போதவில்லை. உட்கார்ந்தவர்களின் சங்கங்களே நிலைத்தன.

உண்மையாகவே ஒரு வடம்

அப்படி நிலைத்த சங்கங்களில் ஒன்று மிட்லண்ட் கிளைடிங் கிளப். 1934-ஆம் வருஷம் முதல் அது ஷ்ராப்ஷயர் ஜில்லாவில் லாங் மிண்ட் என்ற நீண்ட மலையின் மேலே நடந்து வருகிறது. மேற்குக் காற்று பலமாக வீசும் நாட்களில், ஆதி காலத்து முறைப்படி ரப்பர் கயிற்றால் கிளைடரை எறியும் வழக்கத்தை அவர்கள் இன்னும் விட்டுவிடவில்லை.

மலை விளிம்பில், காற்றைப் பார்த்தபடி கிளைடரை நிறுத்துகிறார்கள். அதன் மூக்கிலுள்ள கொக்கியில் ரப்பர் வடத்தின் நடுப்பாகத்தை மாட்டுகிறார்கள். வடத்தின் இரு கிளைகளையும் பக்கத்துக்கு மூன்று நான்கு பேராகப் பிடித்துக்கொள்கிறார்கள். வாலைப் பின்னால் சிலர் இறுகப் பற்றியிருக்கிறார்கள். "நட!" என்று உத்தரவு பிறக்கிறது, வடம் நீளுகிறது. "ஓடு!" என்றதும் சரிவை நோக்கி ஓடுகிறார்கள். வடம் விறைத்து நிற்கும் தருணத்தில் வாலை விடுகிறார்கள். கவணிலிருந்து கிளம்பிய கல்லைப்போல் கிளைடர் அவர்கள் தலைக்குமேல் பாய்ந்து காற்றில் ஏறிவிடுகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பதைப் பார்த்திருக்கும் நமக்கு, இந்தத் தேர் வீதியில் நில்லாமல் ஆகாயத்தில் ஏறிவிடுகிறது என்பதுதான் புதுமை.

ஒரு நாளின் வேலை

சமவெளியில் உள்ள சங்கங்களில் இந்த முறை செல்லாது. யந்திர விமானத்தின் பின்னால் கட்டி இழுப்பார்கள். அல்லது விஞ்சு என்ற கயிறு சுருட்டும் யந்திரத்தை உபயோகிப்பார்கள். மைதானத்தின் ஒரு கோடியில் விஞ்சு. சுமார் 1,000 மீட்டருக்கு அப்பால் மறு கோடியில் கிளைடர். விஞ்சு கம்பிக் கயிற்றை விரைந்து சுருட்ட, கிளைடர் காற்றாடியைப்போல் செங்குத்தாக ஏறி, ஒரு நிமிஷத்துக்குள் 300 மீட்டருக்கு மேல் போய்க் கயிற்றைக் கழற்றிவிட்டுத் தன் வழியே போகிறது.

இதற்கு முன்னால் நடக்கும் வேலைகளைப் பாருங்கள். விடிந்ததும் கொட்டகையிலிருந்து கிளைடர்களை ஒன்றை ஒன்று உரசாமல் வெளியே தள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் மூக்கிலிருந்து வால்வரை சோதித்தாக வேண்டும். ஆணிகள், கீல்கள், சக்கரம், கயிற்றைக் கழற்றும் கொக்கி ஆகியவற்றில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கைப்பிடியை அசைக்க, இன்னொருவர் வெளியே இறக்கையின் அசையும் பாகத்தைக் கையால் அழுத்திப் பிடித்து, இணைப்பு உறுதியாயிருக்கிறதா என்று பார்க்கிறார். பார்த்தவர் புஸ்தகத்தில் கையெழுத்துப் போடுகிறார். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அன்று அத்தனை பேரும் ஏறுகிறார்கள்.

பிறகு, விஞ்சை ஓட்ட ஒருவர். இறங்கிய கயிற்றை வண்டியில் கட்டித் திரும்ப இழுத்துவர ஒருவர். கயிற்றைக் கொக்கியில் மாட்ட ஒருவர். இறக்கை நுனியைச் சமமாகப் பிடித்துக்கொள்ள ஒருவர். சமிக்ஞை கொடுக்க ஒருவர். யார், எந்தக் கிளைடரில், எத்தனை மணிக்கு ஏறினார், எப்போது இறங்கினார் என்று எழுத ஒருவர். கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களும் பெரும்பாலான பிரிட்டிஷ் சங்கங்களில் சம்பளம் வாங்காதவர்களே. மழை நின்று காற்றும் ஒத்துவந்தால், புதிதாகப் பழகுகிறவருக்கு நாள் முழுவதும் உழைத்ததற்கு ஐந்தைந்து நிமிஷமாக இரண்டு மூன்று தடவை பறக்கக் கிடைக்கும். "இதற்குத்தானா இவ்வளவு?" என்று கேட்கிறவர் அடுத்த வாரம் வருவதில்லை. அடுத்த வாரமும் வருகிறவர்தான் சங்கத்தின் அஸ்திவாரம்.

குளிர்காலம் வந்தால் பறப்பது குறைகிறது, வேலை குறைவதில்லை. வருஷாந்தரப் பரீட்சைக்காகக் கிளைடர்களைப் பிரித்துத் துடைத்துப் பழுது பார்க்கிறார்கள். விஞ்சின் யந்திரத்தை அவிழ்க்கிறார்கள். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிறார்கள். ஜெர்மானியச் சங்கங்கள் பலவற்றில் அங்கத்தினர் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் பட்டறையில் உழைக்க வேண்டும் என்றே விதியுண்டு. உழைக்காதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். சந்தா, பறக்கும் கட்டணம், இன்ஷூரன்ஸ், நிலக் குத்தகை என்று காரியதரிசியும் பொக்கிஷதாரும் தலையைப் பிய்த்துக்கொள்வது எல்லாத் தேசத்திலும் ஒன்றே. கிளைடர் பழசாகும் என்பதை மறந்து, இருக்கும் பணத்தையெல்லாம் இந்த வருஷமே செலவழித்த சங்கம் சில வருஷங்களில் வெறும் மைதானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

"நிறுத்து!" என்ற சொல்

இது விளையாட்டுத்தான், ஆனால் உயிரோடு விளையாடும் விளையாட்டு. கயிறு நடுவழியில் அறுந்துபோகலாம். கிளம்பும்போதே ஓர் இறக்கை சாய்ந்து தரையில் பட்டால் கண் இமைப்பதற்குள் கிளைடர் புரண்டுவிடும். இத்தகைய விபத்துக்களை வருஷக்கணக்காக ஆராய்ந்து, 2005-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் கிளைடிங் சங்கம் ஒரு தீவிரப் பிரசாரம் தொடங்கியது. அது புதிய கருவி எதையும் வாங்கச் சொல்லவில்லை. சில எளிய விதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. அவற்றில் முதன்மையானது: "கையைக் கயிறு கழற்றும் பிடியின் மேலேயே வைத்திரு, இறக்கை மட்டமாக நிற்காவிட்டால், அது தரையைத் தொடுமுன் கழற்றிவிடு." சங்கந்தோறும் ஆசிரியர்கள் இதை உபதேசித்தார்கள். அதன் பிறகு விஞ்சு விபத்தில் மாண்டவர், படுகாயமுற்றவர் தொகை மிகவும் குறைந்துவிட்டது. சம்பளம் இல்லாத தொண்டர்களால் ஒழுங்கைக் காப்பாற்ற முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பதில் வேண்டுமா?

இன்னொரு விதி உபாத்தியாயத் தொழில் செய்யும் நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. கிளைடர் கிளம்பும் சமயத்தில் யாராவது ஆபத்தைக் கண்டால் "நிறுத்து!" என்று கூவ வேண்டும். கூவுகிறவர் யார் என்ற கேள்வியே கிடையாது. பிரிட்டனில் 14 வயதிலேயே தனியாகக் கிளைடர் ஓட்டலாம். ஆகவே மைதானத்தில் சிறுவர் சிறுமியரும் நிற்பார்கள். இறக்கை நுனியைப் பிடித்திருக்கும் சிறுமி ஒருத்தி "நிறுத்து!" என்றால், உள்ளே உட்கார்ந்திருப்பவர் முப்பது வருஷ அனுபவசாலியானாலும் எல்லாம் நின்றுவிடும். அவள் பயந்தது வீண் என்று பின்னால் தெரிந்தாலும் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் அடுத்த தடவை அவள் வாய் திறக்க மாட்டாள். அந்த அடுத்த தடவைதான் உண்மையான ஆபத்தாக இருக்கும்.

தானாகச் செய்வதும் ஏவிச் செய்வதும்

இத்தகைய சங்கத்துக்கு வெளியிலிருந்து வரும் கேடும் உண்டு. 1933-ல் ஹிட்லர் ஆட்சி ஏற்பட்டதும், வாஸர்குப்பேயில் தொடங்கிய அந்த இயக்கத்தை ஜெர்மன் சர்க்கார் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. சுயேச்சையான சங்கங்கள் ஒன்றாய்ச் சேர்க்கப்பட்டன. 1937-ல் அவை நாஜிக் கட்சியின் விமானப் படைப் பிரிவுக்குள் அடங்கின. பணத்துக்குக் குறைவில்லை, கிளைடர்களுக்கும் குறைவில்லை. ஆனால் வடம் பிடித்த கைகள் இப்போது உத்தரவுக்குப் பிடித்தன. பறக்கக் கற்ற பிள்ளைகள் யுத்தத்துக்குப் போனார்கள். 1929-ல் கிளைடரில் முதன்முதலாக 100 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஜெர்மனியே கொண்டாடிய ராபர்ட் குரோன்ஃபெல்ட், யூதராய்ப் பிறந்த குற்றத்துக்காக அந்தத் தேசத்தை விட்டு வெளியேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். யுத்தம் முடிந்தபின் ஜெர்மனியில் கிளைடருக்கும் தடை வந்தது. 1951-ல்தான் அது நீங்கிற்று. நீங்கியவுடன் பழையபடி பட்டறைகளில் விளக்கெரிந்தது. தாமாகக் கூடியவர்கள் தாமாகவே மறுபடியும் கூடினார்கள்.

நம் ஊர்களில் வாசகசாலை, நாடக சபை, விளையாட்டுச் சங்கம் என்று எத்தனையோ தொடங்குகிறோம். தலைவர் பதவிக்குப் போட்டியிருக்கும். மாலை நேரத்தில் பாயைச் சுருட்டி வைக்கத்தான் ஆள் இராது. கிளைடர் மைதானத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. பாயைச் சுருட்டாதவன் அங்கே பறக்கவே முடியாது. பொழுது சாய்ந்து கடைசிக் கிளைடர் இறங்கியதும், அன்று மேலே போனவரும் போகாதவரும் சேர்ந்து அதன் இறக்கைகளைத் துடைத்து, கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அதன் பிறகே கதவு சாத்தப்படுகிறது.