ஜூரிப் பட்டியலில் ஊர் முழுவதும் இடம்பெற வேண்டும்

குற்ற வழக்கில் உண்மை எதுவெனத் தீர்மானிக்கப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படும் குழுவான ஜூரி, எல்லாத் தரப்பினரையும் உள்ளடக்கிய பட்டியலிலிருந்து அமைந்தால்தான் அதன் தீர்ப்பை மக்கள் நம்புவர். இந்தியாவில் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இம்முறையைக் கைவிட்டது. இலங்கையில் ஏழு பேர் கொண்ட ஜூரி நீடிக்கிறது. அங்கு எந்த மொழிப் பட்டியலிலிருந்து ஜூரி அமைய வேண்டும் என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், 2006இல் கொழும்பில் கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கு முழுக்கச் சிங்கள ஜூரியின் முன் சென்று, 2016 டிசம்பரில் ஐவர் விடுவிக்கப்பட்டபோது, தமிழர்களிடையே அவநம்பிக்கை ஆழமாயிற்று. இந்தியாவில் இம்முறை மீண்டும் வந்தால், நெய்வேலி போன்ற சுரங்க நகரியத்திலும், சுரங்கத்தின் நிரந்தரப் பணியாளர் பட்டியலை மட்டும் கொண்டு இத்தகைய குழுவை அமைத்தால், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களும் ஒப்பந்தத் தொழிலாளரும் விடுபடுவர். ஆகவே, வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுப்பதும், கூலியை இழந்து வருவோருக்கு ஈடு வழங்குவதுமே நேர்மையான வழியாகும்.