தறிக்காரர் முதுகும் நல்லெண்ணெயும்

குழித்தறியில் அமர்ந்து நெய்பவருக்கு உடம்பில் முதலில் ஓய்ந்துபோவது எது என்று கேட்டால், வெளியார் பலரும் கை என்றே சொல்லுவர். நெசவாளரைக் கேட்டால் இடுப்பு என்பார். கால்கள் குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்த, ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மற்றொரு கை பலகையைத் தள்ளி அடிக்க, இத்தனைக்கும் தாங்குகோலாக நிற்பது முதுகு ஒன்றே. குனிந்தபடியே நாற்று நடும் பெண்களுக்கும் இதே கதிதான். நெசவுக் கூலியோ நெய்த அளவுக்குக் கிடைப்பது. பிடிப்பினால் இரண்டு நாள் தறி நின்றால், அந்த இரண்டு நாள் கூலியும் நின்றுபோகிறது. ஆகவே, எண்ணெய் தேய்ப்பதையும் உடம்பு பிடித்துவிடுவதையும் பற்றிக் கூட்டுறவு ஏட்டில் எழுதுவதை அங்கத்தினர்கள் புறம்பான பேச்சாகக் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

ஆயுர்வேதத்தில் இதற்கு அப்யங்கம் என்று பெயர். வாக்படர் இயற்றிய அஷ்டாங்க ஹ்ருதயம் இதனை நோயாளிக்குரிய சிகிச்சையாக மட்டுமன்றி, நாள்தோறும் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. தலை, காது, உள்ளங்கால் ஆகிய மூன்றிடங்களில் எண்ணெய் சிறப்பாகப் படவேண்டும் என்பதும், களைப்பையும் வாதத்தையும் அது தணிக்கும் என்பதும் அந்நூலின் கொள்கை. அதே இடத்தில், அஜீரணமுள்ளவரும் கபம் மிகுந்தவரும் இதனைத் தவிர்க்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. நம்மவர் முன்பாதியை நினைவில் வைத்துக்கொண்டு பின்பாதியை மறந்துவிடுகின்றனர்.

தமிழ்நாட்டுச் சித்த வைத்தியம் இதனையே தொக்கணம் என்று கூறிப் புறமருத்துவ முறைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். பெயர்களைப் படித்தாலே, இது கைபோனபடி தேய்க்கும் காரியமன்று என்பது விளங்கும். பாளையங்கோட்டையில் 1964ஆம் ஆண்டு தோன்றிய அரசினர் சித்த மருத்துவக் கல்லூரியின் வழியே இக்கலை படிப்பாகவும் வளர்ந்துள்ளது.

இதனால் விளையும் நன்மை யாது? தசையின் இறுக்கம் தளர்கிறது. தோலிலும் தசையிலும் உள்ள நரம்புகள் அழுத்தத்தை உணர, வலியுணர்ச்சி சற்று அடங்குகிறது. மனம் அமைதியுற்று உறக்கம் வருகிறது. எண்ணெயின் முதல் வேலை, கை வழுக்கிச் செல்லத் துணைசெய்வதும் வறண்ட தோலைக் காப்பதுமே. எலும்புக்குள் இறங்கித் தேய்மானத்தையே தைலம் சரிசெய்துவிடும் என்று சிலர் விற்கும் பேச்சை நாம் ஏற்பதற்கில்லை. இடுப்பு வலிக்கு உடம்பு பிடிப்பதைப் பற்றிய 25 சோதனைகளைக் காக்ரேன் என்னும் சர்வதேச ஆய்வமைப்பு 2015இல் சீர்தூக்கிப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி தணியக்கூடும். நெடுநாள் குணத்துக்கு உறுதியான சான்றில்லை என்பதே அதன் சாரம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு திங்கட்கிழமை தெம்பாகத் தறியேறுபவருக்கு அந்தக் குறுகிய காலமும் ஒரு லாபந்தான்.

தல்லாகுளத்தையொட்டிய தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனை காந்தி அருங்காட்சியகமாக இருப்பதை அங்கத்தினர் அறிவர். அதனை 1959இல் பண்டித நேரு திறந்துவைத்தார். காந்தியடிகள் சேவாகிராமத்தில், தொழுநோயுற்ற பர்ச்சுரே சாஸ்திரி என்னும் பண்டிதருக்குத் தம் கையாலேயே உடம்பு பிடித்துவிட்டார். தொடுவதற்கே பிறர் அஞ்சிய காலம் அது. மருந்தின் பலன் ஒரு புறமிருக்க, தொட்டுப் பேணும் கைக்கும் ஒரு பலன் உண்டென்று இதனால் கருதுகிறோம்.

நம் இயக்கத்தார்க்கு உரிய செய்தி இனித்தான் வருகிறது. நல்ல சரக்கில் நேர்மையாகக் காய்ச்சிய தைலம் வேண்டுமென்ற குறை நாட்டு வைத்தியர்களுக்கும் இருந்தது. தனித்தனியே அடுப்பு மூட்டினால் செலவு மிகுதி, கடைச்சரக்கிலோ நம்பிக்கையில்லை. அதற்கு மாற்றாக 1944இல் சென்னையில் அவர்கள் கண்டதே இந்திய வைத்தியர்கள் கூட்டுறவு மருந்தகமும் பண்டகசாலையும் ஆகும். ‘இம்காப்ஸ்’ என்னும் சுருக்கப்பெயரால் அறியப்படும் அந்தச் சங்கம் திருவான்மியூரிலிருந்து சித்த, ஆயுர்வேத, யூனானி மருந்துகளைச் செய்து தருகிறது. வைத்தியர்களே பங்குதாரர்கள், அவர்களே வாங்குவோரும் ஆவர். நூலை மொத்தமாக வாங்கிப் பங்கிடும் நமக்கு இந்த ஏற்பாடு விளங்காததன்று.

நம் பக்கத்தில் எள் விளைவிப்பவரும் சங்கத்தில் இருக்கிறார். இடுப்பு வலிப்பவரும் சங்கத்தில் இருக்கிறார். இருவருக்கும் நடுவில் மூன்று கை மாறி, கலப்படமாகி, விலையேறி நல்லெண்ணெய் வருவானேன்? செக்கில் ஆட்டிய தூய எண்ணெயைச் சங்கமே அங்கத்தினருக்கு வழங்க இயலுமா என்று நிர்வாகக் குழுக்கள் யோசிக்கலாம். வாராந்தரக் குளியலுக்கு அதுவே போதும். பிண்டத் தைலம் போன்றவற்றின் நிலை வேறு. அதில் நல்லெண்ணெயோடு நன்னாரி, மஞ்சிட்டி, குங்கிலியம், தேன்மெழுகு எல்லாம் சேரவேண்டும். மருந்தாகச் செய்து விற்க உற்பத்தி உரிமமும் வேண்டும். சங்கம் அந்த வேலையில் இறங்கவேண்டாம். உரிம எண், தயாரித்த நாள், சேர்மானம் ஆகியவை சீட்டில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கித் தந்தால் போதுமானது.

கணக்குப் பார்க்கச் செல்லும் ஊர்களில் நாம் கேள்வியுறும் ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். முதுகெலும்பு விலகிவிட்டது என்று யாரோ சொல்ல, வலுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதற்கென வாங்கிய கடனும் வலியும் சேர்ந்து வளர்ந்தவர்கள் உண்டு. வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலும், கால் மரத்துப்போனாலும், சிறுநீரை அடக்க முடியாமற்போனாலும் பிடிப்பவரிடம் போகாமல் மருத்துவமனைக்கே போகவேண்டும். காய்ச்சல், புண், எலும்பு முறிவு இருக்கும்போது தேய்த்தல் ஆகாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அழுத்தித் தேய்த்தால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கும் அபாயமுண்டு. நீரிழிவினால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவர்கள் சுட்ட எண்ணெயைத் தாமே ஊற்றிக்கொள்ளாமல், வீட்டிலுள்ள பிறரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவேண்டும். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்ட பின்னரே செய்துகொள்ளலாம்.

மற்றவர்களுக்கு வீட்டு முறையே நன்று. எண்ணெயை இளஞ்சூட்டில் தடவி, அரைமணி நேரம் மெல்லப் பிடித்துவிட்டு, வெந்நீரில் சீயக்காய் தேய்த்துக் குளித்தால் போதும். குளித்த பிறகு கூடத்தில் ஈரமில்லாமல் துடைத்துவிடவும் சொல்லுவோம். எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்தவருக்கு எந்தத் தைலமும் உடனே உதவாது.